எதிரெதிரே இரண்டு கும்மட்டங்கள்

கேள்வி: இஸ்ஃபஹான் நகரின் பழைய ஜும்ஆ மசூதியைப் பற்றி ஒரு படம் பார்த்தேன். கிப்லா பக்கம் பெரிய கும்மட்டம் ஒன்று இருக்கிறது. நேர் எதிரே வடகோடியில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு அமைச்சர்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டியவை என்றார்கள். சின்னதை வடிவமைத்தவர் உமர் கய்யாம் என்றும் ஒரு வரி வந்தது. இவையெல்லாம் உண்மைதானா? இன்னொரு சந்தேகம். முற்றத்தின் நாலு பக்கமும் கோபுர வாசல் போல ஓங்கி நிற்கின்றனவே, அவற்றின் வழியாக யாரும் வந்துபோவதாகத் தெரியவில்லை. அவை எதற்கு? நான் சிவில் டிப்ளமா படித்தவள். சதுர அறையின் மேல் வட்டக் கூரை, அதுவும் வெறும் செங்கல்லில், தொள்ளாயிரம் ஆண்டுகளாக எப்படி நிற்கிறது என்பதையும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: போட்டி உண்மை. கய்யாம் சங்கதி ஊகம். ஆனால் அந்த ஊகத்துக்கு ஓர் அடிப்படை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு இந்தப் போட்டிக் கதையில் ஒரு குறை படுகிறது. கும்மட்டங்கள் ஏன் இரண்டு என்பதற்கு அது பதில் சொல்கிறது. சின்னது ஏன் பெரியதைவிட அழகு என்பதற்குச் சொல்வதில்லை. இரண்டையும் பார்த்த கட்டடக்காரர்கள் பலரும் வடக்கே உள்ளதைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இரு அமைச்சர்களும் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பிருந்தே அங்கே மசூதி இருந்தது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபுக் குடியேறிகள் முதலில் ஒன்று கட்டினார்கள். ஊர் பெருத்தது, இடம் போதவில்லை. அதை இடித்துவிட்டு அப்பாசிய கலீஃபா முஃதஸிமின் காலத்தில், 840-41இல், பெரிதாக எழுப்பினார்கள். புதியதன் கிப்லா, அதாவது தொழும் திசை, பழையதிலிருந்து சற்றே திரும்பியிருந்தது. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் வரிசை வரிசையாகச் செங்கல் தூண்கள், அவற்றின்மேல் கூரை. அரபு உலகெங்கும் அன்றைக்கு வழக்கத்தில் இருந்த அமைப்பு இதுதான். இன்று நீங்கள் படத்தில் பார்க்கும் மசூதியின் வெளி எல்லை பெரும்பாலும் இந்த 9ஆம் நூற்றாண்டு மசூதியின் எல்லையே. அடுத்து வந்த புவைஹி அரசர்கள் காலத்தில் முற்றத்தை ஒட்டி இன்னொரு தூண் வரிசை சேர்ந்தது. அந்தத் தூண்களின் மேனியில் சிறு செங்கற்களைக் கோலம் போல் அடுக்கி அலங்கரித்தார்கள். பூச்சு இல்லாமலே செங்கல்லை வைத்து அழகு காட்டும் அந்தப் பழக்கம்தான் பின்னால் வடக்குக் கும்மட்டத்தில் உச்சத்தைத் தொட்டது.

பாரசீகக் கவிஞரும் பயணியுமான நாஸிர் குஸ்ரோ 1052இல் இந்த ஊருக்கு வந்தார். பாரசீகம் பேசும் நாடுகளில் இதைவிட அழகான, மக்கள் நிறைந்த ஊரைத் தான் கண்டதில்லை என்ற பொருள்பட எழுதிவைத்திருக்கிறார். சராபுக் கடைத்தெருவில் மட்டும் 200 பேர் நாணயம் மாற்ற உட்கார்ந்திருந்தார்களாம். நகரின் நடுவே இருந்த ஜும்ஆ மசூதியின் பெருமையையும் குறிப்பிடுகிறார். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் செல்ஜூக் துருக்கியரின் தலைவர் துக்ரில் பெக், நெடுநாள் முற்றுகைக்குப் பிறகு ஊரைப் பிடித்திருந்தார். பிடித்தவர் அதையே தலைநகராக்கிக்கொண்டார். அவருக்குப் பின் ஆல்ப் அர்ஸ்லான், அவருக்குப் பின் மகன் மலிக் ஷா. 1072 முதல் 1092 வரை ஆண்ட இந்த மலிக் ஷாவின் காலத்தில் செல்ஜூக் பேரரசு மத்திய ஆசியாவிலிருந்து சிரியா வரை விரிந்திருந்தது.

சுல்தான் மலிக் ஷா என்றாலும் அரசை நடத்தியவர் வஸீர் நிஜாமுல் முல்க்தான். தூஸ் நகரத்துப் பக்கம் பிறந்தவர். தந்தை, மகன் இருவரிடமும் சேர்த்து ஏறக்குறைய முப்பது ஆண்டு அமைச்சராக இருந்தார். அரசாட்சி பற்றி அவர் எழுதிய ‘சியாசத்நாமா’ இன்றும் படிக்கப்படுகிறது. இமாம் கஸ்ஸாலியை பாக்தாதின் நிஜாமியா மதரசாவில் ஆசிரியராக அமர்த்தியவரும் இவரே. அப்படிப்பட்டவர் தலைநகரின் ஜும்ஆ மசூதியில் கைவைத்தபோது சின்னதாகவா செய்வார்?

கிப்லாவைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு முன்னால் இருந்த சுமார் இரண்டு டஜன் தூண்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கும்மட்டத்தை எழுப்பினார். கல்வெட்டில் மலிக் ஷாவின் பெயரும் இவர் பெயரும் இருக்கின்றன. வேலையை மேற்பார்த்த கஜானாக்காரரின் பெயரும் இருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை. அதில் வரும் பட்டங்களை வைத்துப் பார்த்து 1086-87 என்று கணக்கிடுகிறார்கள். சுல்தானும் அவர் பரிவாரமும் தொழுவதற்கான தனியிடம் அது. அத்தகைய இடத்துக்கு மக்ஸூரா என்று பெயர். இந்த யோசனை எங்கிருந்து வந்தது? டமாஸ்கஸின் உமையா மசூதி 1069இல் தீப்பிடித்தது. 1082 வாக்கில் அதன் நடுக் கும்மட்டத்தைப் புதுப்பித்தவர்கள் இதே சுல்தானும் இதே வஸீரும்தான். அங்கே பார்த்ததை இங்கே செய்யத் தோன்றியிருக்கலாம் என்கிறார் கலை வரலாற்றாசிரியர் ஷீலா பிளேர். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. ஒரு மசூதியின் கும்மட்டத்துக்குப் பணம் கொடுத்து நாலு ஆண்டு முடிவதற்குள் இன்னொன்றில் அதே வேலையைத் தொடங்குபவருக்கு முன்னது நினைவில் இல்லாமல் இருக்காது.

இங்கே ஒரு பழைய வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சில சுற்றுலாப் புத்தகங்களில் இன்னும் அது உலவுகிறது. ஈரானின் தொல்லியல் துறையை நீண்ட காலம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே கொதார், இந்தக் கும்மட்டம் ஆரம்பத்தில் ஒரு வெட்டவெளியில் தன்னந்தனியே நின்றது என்றும், சுற்றியுள்ள மண்டபங்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை என்றும் கருதினார். சாசானியர் காலத்து அக்கினிக் கோயிலின் வழித்தோன்றல் இது என்பது அவர் எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1970களில் யூஜெனியோ கல்தியேரியும் மற்ற இத்தாலிய ஆய்வாளர்களும் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். 9ஆம் நூற்றாண்டுத் தூண்களின் அடித்தளங்கள் வரிசையாக வெளிப்பட்டன. கும்மட்டம் வெட்டவெளியில் நிற்கவில்லை, தூண்காட்டின் நடுவே இடம் பிடுங்கிக்கொண்டுதான் நின்றது. மூன்று பக்கம் திறந்து, தூண் மண்டபத்திலிருந்து மெல்லிய இடைவெளி விட்டு ஒதுங்கியிருந்தது என்பது வரைக்கும்தான் கொதார் சொன்னது சரி.

இப்போது உங்கள் பொறியியல் கேள்வி. சதுரப் பெட்டியின் வாய்மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்தால் நாலு மூலையும் திறந்து கிடக்குமல்லவா? அந்த மூலைகளை அடைப்பதுதான் கும்மட்டம் கட்டுபவனின் முதல் வேலை. ஈரானியர் இதற்கு 3ஆம் நூற்றாண்டிலேயே, ஃபிரூசாபாத் அரண்மனையில், ஒரு வழி கண்டிருந்தார்கள். மூலையில் சந்திக்கும் இரு சுவர்களுக்கும் குறுக்காக ஒரு வளைவைப் போடு. நாலு மூலைக்கு நாலு வளைவு. அவற்றுக்கு நடுவே நாலு சுவர்களின் மேலும் அதே உயரத்துக்கு நாலு வளைவு. சதுரம் எண்கோணமாகிவிட்டது. அதற்கு மேல் சிறு சிறு வளைவுகளாகப் பதினாறு போடு. பதினாறு பக்க உருவத்துக்கும் வட்டத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. அதன்மேல் கும்மட்டத்தின் முதல் வரிச் செங்கல்லை உட்காரவைத்துவிடலாம்.

சிறிய அறைக்கு இது போதும். 15 மீட்டர் அகலம் என்றால் மூலை வளைவும் பெரிதாகும். பெரிதான ஒற்றை வளைவு தன் பாரத்தையெல்லாம் இரண்டே இடத்தில் இறக்கும். ஆகவே அந்த மூலையை மூன்றாகப் பங்கிட்டார்கள். நடுவில் குறுகலான ஒரு கமான், இரு பக்கமும் கால் கும்மட்டங்கள், அவற்றைத் தாங்கக் கீழே இன்னும் இரண்டு சிறு வளைவுகள். பாரம் பல கைகளுக்கு மாறிச் சிதறி இறங்குகிறது. இது நிஜாமின் ஆட்கள் கண்டுபிடித்ததல்ல. யஸ்த் நகரில் 1037-38இல் கட்டப்பட்ட பன்னிரண்டு இமாம்களின் கட்டடத்தில் இதே உத்தி சின்ன அளவில் இருக்கிறது. இவ்வளவு பெரிய கும்மட்டத்துக்கு அதைத் துணிந்து போட்டதுதான் இஸ்ஃபஹானின் சாதனை.

மரம் அரிதான நாடு அது. அடியில் சாரம் கொடுத்து, அச்சுப் பலகை அடித்து வளைவு கட்டும் வசதி அவர்களுக்குக் குறைவு. கைகொடுத்தது ஜிப்சம் சாந்து. சுண்ணாம்பைப் போல நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, சீக்கிரமே இறுகிவிடும். வைத்த செங்கல் நிற்கும், அதை ஒட்டி அடுத்ததை வைக்கலாம். இப்படி வளையம் வளையமாக, ஒவ்வொன்றும் மூடியவுடன் தானே நிற்கும்படி மேலே ஏறிப் போனார்கள். கும்மட்டத்தின் முனை கூர்மையாக இருப்பதும் அழகுக்கு மட்டுமல்ல. அரைவட்டத்தைவிடக் கூர்முனை வடிவம் அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை குறைவு. எஞ்சும் தள்ளலை அடியில் உள்ள கனத்த சுவர் வாங்கிக்கொள்கிறது.

இத்தனையும் இருந்தும் தெற்குக் கும்மட்டத்தின் கீழே நின்று பார்த்தால் ஒரு சிரமம் கண்ணில் படும். மூன்று பக்கமும் திறந்துவிட்டதால் சுமை முழுவதும் கனத்த தூண்களில் இறங்குகிறது. தூண்கள் பருத்து, குட்டையாகத் தெரிகின்றன. மேலே உள்ள மூலை வளைவுகள் அவற்றோடு பேசுவதில்லை. கீழே ஒரு கட்டடம், மேலே ஒரு கட்டடம், நடுவில் ஒரு கோடு. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மசூதிக்குள், இருந்த தூண்களை எடுத்துவிட்டு, அளவும் திசையும் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்ட இடத்தில் கட்டினார்கள். கம்பீரமாக இருக்க வேண்டும் என்பதே கட்டளை. கம்பீரமாக இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி. தாஜுல் முல்க் என்ற பட்டம் பெற்ற அபுல் கனாயிம் மர்ஸுபான், மலிக் ஷாவின் மனைவி தெர்கன் காத்தூனின் காரியங்களைக் கவனித்தவர். காத்தூனுக்குத் தன் சின்ன மகன் மஹ்மூத் பட்டத்துக்கு வர வேண்டும். நிஜாமோ வேறொரு மனைவியின் மகனும் மூத்தவனுமான பர்கியாருக்கின் பக்கம். அரண்மனை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நிஜாம் பாக்தாதில் நிஜாமியா மதரசா கட்டினார் என்றால், தாஜுல் முல்க் அதே ஊரில் தாஜியா என்று ஒரு மதரசா கட்டினார். இஸ்ஃபஹானிலும் அதே கதைதான். நிஜாமின் கும்மட்டம் எழுந்து ஓரிரு ஆண்டுக்குள், ஹிஜ்ரி 481இல், அதாவது 1088-89இல், மசூதியின் வட எல்லைக்கு அப்பால், தெற்குக் கும்மட்டத்துக்கு நேர் எதிர்க்கோட்டில், தன் பெயர் பொறித்து ஒன்று கட்டினார். ஆண்டும் எழுதியிருக்கிறது, ஆகவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இது வேண்டுமென்றே சீண்டியதல்ல என்று வாதாட எனக்குத் தெம்பில்லை.

விட்டம் ஏறத்தாழ 10 மீட்டர்தான். உயரம் சுமார் 20 மீட்டர். ஓடு இல்லை, வண்ணம் இல்லை. மண்ணின் நிறம் என்ற பொருளில் கும்பதெ காக்கி என்று அழைக்கிறார்கள். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்ப்பதற்கு முன், தரையைப் பாருங்கள். மூலையில் சுவரோடு ஒட்டிய ஒல்லித் தூண்கள் தரையிலிருந்து புறப்படுகின்றன. ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். அது ஒரு வளைவின் காலாகிறது. அந்த வளைவு மூலை வளைவுக்குள் போகிறது. அது எண்கோணத்தின் ஒரு பக்கமாகி, மேலே பதினாறு சிறு வளைவுகளில் ஒன்றாகி, கும்மட்டத்தின் அடிவட்டத்தில் போய் முடிகிறது. எங்கும் அறுபடுவதில்லை. தெற்கே கீழும் மேலும் தனித்தனி என்றேன் அல்லவா, இங்கே தரையில் தூணைப் பார்த்தே மேலே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடலாம். பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அதே வழியாகத்தான் உங்கள் கண்ணும் ஏறுகிறது. ஒரு டிப்ளமா மாணவிக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

அதன் பிறகு அண்ணாந்து பார்த்தால் ஒரு வியப்பு. கீழே நாலு, எட்டு, பதினாறு என்று ஏறி வந்த கணக்கு கும்மட்டத்தின் உட்புறத்தில் திடீரென்று ஐந்தாகிவிடுகிறது. செங்கல் விலாக்கள் ஒன்றையொன்று வெட்டி ஐந்து முனை நட்சத்திரமாகப் பின்னியிருக்கின்றன. பதினாறை ஐந்தால் வகுக்க முடியாது. இரண்டும் ஒட்டாமல் உறுத்த வேண்டும். ஆனால் உறுத்தவில்லை, அத்தனை லாவகம். தெற்குக் கும்மட்டத்தில் எட்டு விலாக்கள் சும்மா உச்சியை நோக்கிப் போகின்றன. அங்கே அது விதிப்படி செய்த வேலை. இங்கே கட்டியவர் விளையாடியிருக்கிறார்.

இதற்குக் காரணம் போட்டியா? ஓரளவு. ஆனால் பகைவனை மிஞ்ச வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தால் இதைவிடப் பெரிதாக அல்லவா கட்டியிருப்பார்கள்? சின்னதாகக் கட்டினார்கள். ஏற்கெனவே இருந்த தூண்களுக்கு இடம் விட வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. தனி இடம், தன் விருப்பப்படி அளவு. அதோடு, பக்கத்திலேயே ஒரு பெரிய கும்மட்டம் எழுந்ததைச் சற்றுமுன் பார்த்த கொத்தனார்கள் அந்த ஊரில் இருந்தார்கள். எந்த இடத்தில் இடறியது, எங்கே செங்கல் வீணானது என்று அவர்களுக்குத் தெரியும். வடக்கின் அழகுக்கு அமைச்சரின் பொறாமையைவிட இந்த இரண்டும்தான் காரணம் என்பது என் கட்சி. ராபர்ட் பைரன் என்ற ஆங்கிலேயர் 1930களில் ஈரானைச் சுற்றி எழுதிய பயண நூலில் இந்தச் சின்ன அறையைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். மேலை உலகில் அதற்குக் கிடைத்த பேருக்கு அவர் ஒரு முக்கியக் காரணம். நிலநடுக்கம் வந்துபோகும் நாட்டில் அது விரிசலின்றி நிற்பதும் பலரையும் வியக்க வைத்திருக்கிறது.

தாஜுல் முல்க் இதை எதற்காகக் கட்டினார் என்பதில் மூன்று கருத்துகள் உண்டு. சுல்தான் மசூதிக்குள் நுழையும் முன் உடை மாற்றும் அறை என்பது ஒன்று. காத்தூனும் அவருடைய பெண்களும் தொழுத இடம் என்பது இன்னொன்று. நூலகம் என்பது மூன்றாவது. கும்மட்டத்தின் அடியில் சுற்றி ஓடும் குர்ஆன் வசனம், அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆவது. வானமும் பூமியும் படைக்கப்பட்டதையும், இரவு பகலை மூடுவதையும், சூரிய சந்திர நட்சத்திரங்கள் கட்டளைக்கு அடங்கி நடப்பதையும் பேசுகிற வசனம். கட்டடங்களில் அடிக்கடி பொறிக்கப்படுவது அல்ல. விண்ணைச் சுட்டும் அந்தத் தேர்வைப் பார்த்தால் உடை மாற்றும் அறை என்ற கருத்து எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

இரு அமைச்சர்களின் கதையும் சீக்கிரமே முடிந்தது. 1092 அக்டோபர் 14ஆம் தேதி, இஸ்ஃபஹானிலிருந்து பாக்தாத் போகும் வழியில், சூஃபி வேடத்தில் வந்த ஒருவன் நிஜாமைக் கத்தியால் குத்திக் கொன்றான். அலமூத் கோட்டையை 1090இல் பிடித்திருந்த ஹஸன் ஸப்பாஹின் ஆள் என்றார்கள். தாஜுல் முல்க்குக்கும் இதில் பங்கு உண்டு என்று அப்போதே பேச்சு எழுந்தது. ஐந்து வாரம் போல் கழித்து மலிக் ஷாவும் இறந்தார். காத்தூன் தன் குழந்தையைச் சுல்தானாக்க, தாஜுல் முல்க் கடைசியில் வஸீரானார். 1093இன் தொடக்கத்தில் நிஜாமின் ஆட்கள் அவரைப் பிடித்துத் துண்டு துண்டாக வெட்டினார்கள்.

அப்போதும் அந்த நாலு பெரிய வாசல்கள் வரவில்லை. நீங்கள் நினைப்பது போல் அவை வாசல்களே அல்ல, ஐவான்கள். ஐவான் என்பது மூன்று பக்கம் சுவரும் மேலே கமானும் கொண்டு, முன்பக்கம் மட்டும் முழுதாகத் திறந்த கூடம். வெயிலுக்கு நிழல், காற்றுக்குத் திறப்பு, உட்கார்ந்து பாடம் சொல்ல இடம். பாரசீக அரண்மனைகளிலும் குராசான் வீடுகளிலும் வெகுகாலமாக இருந்ததுதான். முற்றத்தின் நாலு பக்கமும் ஒவ்வொன்று நிறுத்துவதும் புதிதல்ல. அதைக் கொண்டுவந்து ஒரு ஜும்ஆ மசூதிக்குள் வைத்ததே புதிது. ஹிஜ்ரி 515இல், 1121-22இல், மசூதி தீக்கிரையானது. பாத்தினிகள், அதாவது ஹஸன் ஸப்பாஹின் பிரிவினர், வைத்த தீ என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார். நூலகத்து நூல்களும் போயின. எரிந்தபின் புதுப்பித்த செய்தியை வடகிழக்கு வாசல் ஒன்றின் கல்வெட்டு இன்றும் சொல்கிறது. அதை ஒட்டிய காலத்தில்தான், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், முற்றத்துக்கு நாலு ஐவான்களும் அமைந்தன. அதே வட்டாரத்து ஊரான ஸவாரேயில் 1135-36இல் அடித்தளத்திலிருந்தே நாலு ஐவானோடு ஒரு மசூதி கட்டிவிட்டார்கள் என்றால், அதற்குள் இந்த யோசனை ஊர்வழக்கமாகிவிட்டது என்று பொருள். அதன்பின் ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் பெரிய மசூதி என்றாலே நாலு ஐவான் என்றாயிற்று.

தெற்கு ஐவான்தான் நிஜாமின் கும்மட்டத்தை முற்றத்தோடு இணைக்கிறது. அதற்கு முன் அந்தக் கும்மட்டம் தூண்களுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. இப்போது முற்றத்தில் நிற்பவருக்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. நாலுக்கும் பெயர்கள் உண்டு. தெற்கே சாஹிப், மேற்கே உஸ்தாத், கிழக்கே ஷாகிர்த், வடக்கே தர்வேஷ். பிரபு, ஆசிரியர், மாணவர், துறவி. ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்தமான ஏற்பாடு.

மற்றதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மங்கோலிய அரசர் ஒல்ஜைத்து ஷியா பிரிவுக்கு மாறியதும், 1310இல், மேற்கு ஐவானை ஒட்டிய கூடத்தில் சுதையால் ஒரு மிஹ்ராப் செய்தார்கள். எழுத்துக்கும் கொடிக்கும் பூவுக்கும் இடைவெளியே விடாமல் செதுக்கியது. சுன்னிகள் நிறைந்த இஸ்ஃபஹான் மக்கள் தங்களையும் மாறச் சொன்ன அவருடைய ஆணையை எதிர்த்ததாக இப்னு பதூதா குறிப்பிடுகிறார். அந்த எதிர்ப்பை வைத்துப் பார்த்தால் இந்த மிஹ்ராபின் அழகுக்குப் பின்னால் கொஞ்சம் அரசியல் வீம்பும் இருக்கிறது. 1447இல் தைமூரியர் குளிர்காலத் தொழுகைக்காகத் தாழ்வான கூடம் ஒன்று கட்டினார்கள். கூரையில் பதித்த மெல்லிய பளிங்குப் பலகைகள் வழியாக வெளிச்சம் கசிகிறது. தெற்கு ஐவானின் பெருவேலை ஆக்கொயூன்லு அரசர் உஸுன் ஹஸன் காலத்தது, 1475-76. பளபளக்கும் நீல ஓடுகளில் பெரும்பகுதி அதற்கும் பிந்தியது, சஃபவியர் கைவண்ணம். படத்தில் எல்லோரும் முதலில் வியக்கும் அந்த நீலம்தான் மசூதியின் மிக இளைய அடுக்கு.

ஷா அப்பாஸ் 1598இல் தலைநகரை இஸ்ஃபஹானுக்குக் கொண்டுவந்தபோது, இங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளிப் புதிய மைதானமும் புதிய மசூதியும் கட்டிக்கொண்டார். பழைய மசூதிக்கு அது நல்லதாகப் போயிற்று. அரசர் கண் வேறு பக்கம் திரும்பியதால் இடித்துக் கட்டுவாரில்லை. பஜாருக்குள் புதைந்து, வெளிமுகம் என்று எதுவும் இல்லாமல், சந்துக்குச் சந்து வாசல் வைத்துக்கொண்டு அது தன் பாட்டில் இருந்தது. 1980களில் ஈரான்-ஈராக் போரின்போது தென்கிழக்கு மண்டபத்தில் குண்டு விழுந்து ஒரு பகுதி சிதைந்தது. பிறகு பழையபடியே கட்டிச் சேர்த்தார்கள். 2012இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கய்யாமுக்கு வருகிறேன். அவர் 1074 முதல் மலிக் ஷாவின் வானாய்வுக் கூடத்துக்காக இஸ்ஃபஹானில் இருந்தார். 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். வடக்குக் கும்மட்டம் எழுந்தபோது அதே ஊரில்தான் வாழ்ந்தார். அவருடைய ஒரு கணித நூலில் ஒரு செங்கோண முக்கோணம் வருகிறது. அதன் கர்ணம், குறுகிய பக்கத்தையும் செங்கோணத்திலிருந்து கர்ணத்துக்கு இறக்கிய செங்குத்தையும் கூட்டினால் வரும் நீளத்துக்குச் சமம். இந்த முக்கோணத்தின் விகிதங்கள் வடக்குக் கும்மட்டத்தின் அளவுகளில் பொருந்துகின்றன என்று அல்பாய் ஒஸ்துரல் என்ற துருக்கிய ஆய்வாளர் காட்டினார். கருத்து கவர்ச்சியானது. கணக்கும் கவனமாகச் செய்யப்பட்டது. ஆனால் கய்யாம் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இல்லை. அளவெடுக்கும்போது எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்பதைச் சற்று மாற்றினால் வேறு விகிதங்களும் பொருந்தும், இது எந்தப் பழைய கட்டடத்துக்கும் உள்ள சங்கடம்.

இன்னொன்று, அந்த நாட்டில் கணித அறிஞரும் கைவினைஞரும் கூடிப் பேசுவது கய்யாமுக்கு முன்பே வழக்கம். 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அபுல் வஃபா பூஸ்ஜானி, கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் என்று ஒரு நூலே எழுதினார். அந்தச் சபைகளில் கொத்தனார்கள் சொன்ன வழி எங்கே சரி, எங்கே தவறு என்று அவர் அலசுகிறார். ஐந்து கோண உருவத்தை வரைய இஸ்ஃபஹானின் ஒரு தலைமைக் கொத்தனாருக்குக் கய்யாம் வந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வந்திருந்தால் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது வேறு. நீங்கள் பார்த்த படத்தில் ‘வடிவமைத்தார்’ என்ற இடத்தில் ‘வடிவமைத்திருக்கலாம் என்கிறார்கள்’ என்று போட்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.